மேற்பார்வையாளருக்கு முன் சீட்

— திரும்பிப் பார்க்காத, கைல். பெட்ரோல் போடுறதை மட்டும் பாரு. அவர்தான்.

— யாரு சீஃப், அந்த வெள்ளைத் தொப்பியா? போன வாரம் டெவன்போர்ட்லயும் இப்படித்தான் சொன்னீங்க. சத்தியமா, அந்த ஆளுக்கு ரெண்டு துண்டு செர்ரி கேக் வாங்கிக் கொடுத்தோம். கடைசில பார்த்தா மக்காச்சோள விதை விக்கிறவர்.

— அது வேற. அன்னிக்கு அவர் நோட்டுல ஏதோ எழுதிட்டிருந்தார், நான் ஏமாந்துட்டேன். இவரைப் பாரு. தனியா வந்திருக்கார். கார் ரிப்பேராம். பர்லிங்டன் மைதானத்துக்குப் போக வழி இருக்கான்னு கடைக்காரன்கிட்ட கேக்குறார். இன்னிக்கு பர்லிங்டன்ல ஆட்டம். ஆட்டத்துக்கு நடுவர் யாரு? நான், ரோட்னி வான்ஸ். கூட நீ. இப்ப கூட்டிப் பாரு.

— கூட்டிப் பார்த்தா அவர்தான் போலிருக்கு சீஃப்.

— போல இல்ல, அவரேதான். லீக்லேர்ந்து ஏப்ரல்ல கடுதாசி வந்துச்சா இல்லையா? புது மேற்பார்வையாளர் போட்டிருக்கோம், முகம் யாருக்கும் தெரியாது, சொல்லாம கொள்ளாம வருவார், மைதானத்துக்கு உள்ளயும் வெளியயும் உங்க நடத்தையைப் பார்ப்பார்னு. மேல் லீக்ல காலி இருக்கிறது ஒரே இடம். எனக்கு இது ஆறாவது வருஷம். இந்தத் தடவை மேல ஏத்தலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— எனக்கு மட்டும் மேல போக ஆசை இல்லையா?

— உனக்கு ரெண்டாவது வருஷம். ஆசை இருக்கலாம், அவசரம் இருக்கக் கூடாது. போய்க் கூப்பிடு. மரியாதையா. முன் சீட் அவருக்கு.

— அப்ப நான்? பின்னாடி மார்புக் கவசம், முகமூடி, ஒரு வாரத்து அழுக்குத் துணி எல்லாம் கிடக்கு.

— அதுக்கு நடுவுல உக்காரு.

— ரொம்ப நன்றிப்பா. இந்த வெயில்ல டாக்ஸிக்கு நிக்க முடியாது. என் பேர் ஹார்லன். நான் எதுக்கு பர்லிங்டன் போறேன்னா...

— வேண்டாம் சார். நீங்க சொல்லவும் கூடாது, நாங்க கேக்கவும் கூடாது. பெல்ட் போட்டுக்குங்க. ஏசி போதுமா?

— போதும், போதும். நீங்க ரெண்டு பேரும் என்ன வேலை பாக்குறீங்க? சும்மா கேக்குறேன்.

— கேட்டீங்களா சீஃப், நம்மகிட்டயே கேக்குறார். சார், நாங்க பேஸ்பால் நடுவருங்க. உங்களுக்குத் தெரியாதா என்ன?

— நடுவரா? அப்ப நான் சரியான கார்லதான் ஏறியிருக்கேன்.

— ஏறியிருக்கீங்கன்னுதான் நாங்களும் நினைச்சோம். என் ஆறு வருஷ அனுபவத்துல சொல்றேன் சார், ஆட்டக்காரனுக்குப் பாதி ஆட்டம் சொந்த ஊர்ல. நடுவருக்கு எல்லா ஊரும் வெளியூர். நேத்து பியோரியா, இன்னிக்கு பர்லிங்டன், ஞாயித்துக்கிழமை எங்கன்னு நோட்டைப் பார்த்தாத்தான் தெரியும். காலைல எந்திரிச்சா இது எந்த மோட்டல்னு சோப்பு உறையைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன்.

— ஜனங்க எப்படி?

— எல்லா ஊர்லயும் ஒரே வரவேற்புதான் சார். கண்ணாடி போடுன்னு கத்துவாங்க. கிளிண்டன்ல ஒரு அம்மா தன் கண்ணாடியையே கழட்டி எறிஞ்சாங்க. ஆட்டம் முடிஞ்சதும் நான் அதைத் துடைச்சு, அவங்க சீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்தேன். நடத்தைன்னு ஒண்ணு இருக்கில்ல.

— துடைச்சது நான்தான் சீஃப். சார், அதையும் குறிச்சுக்குங்க.

— உன் கையெல்லாம் என்னப்பா, சேறு?

— நேத்து ஆட்டத்துச் சேறு சார், எவ்வளவு கழுவினாலும் போகாது. புதுப் பந்து வழுக்கும். ஆட்டத்துக்கு முன்னாடி ஆறு டஜன் பந்துக்கும் நடுவர்தான் சேறு தேய்க்கணும். நானும் சீஃபும் ஆளுக்கு மூணு டஜன். சத்தியமா நான் யாரையும் குறை சொல்லல, ஆனா சீஃப் ரெண்டு டஜன் முடிச்சதும் இடுப்பைப் பிடிச்சுக்குவார்.

— பையன் தமாஷா பேசுவான் சார். நல்லவன்தான். ஒரே குறை, மூணாவது பேஸ்ல நிக்கும்போது கேலரில பொண்ணுங்க உக்காந்திருந்தா ஆட்டம் அவன் கண்ணுக்குத் தெரியாது.

— அது ஒரே ஒரு தடவை. சீஃப், அப்ப நான் ஐஸ்கிரீம் விஷயத்தைச் சொல்லட்டுமா?

— என்ன ஐஸ்கிரீம்? சும்மா கேக்குறேன்.

— ஆட்டக்காரங்களோட நடுவர் ஒட்டக் கூடாது சார். அவங்க தங்குற ஹோட்டல்ல தங்கக் கூடாது, அவங்க சாப்பிடுற கடைல சாப்பிடக் கூடாது. அன்னிக்குத் தற்செயலா ஐஸ்கிரீம் கடைல பந்து வீசுற பிட்சர் ஒருத்தனைப் பார்த்துட்டோம். நான் உடனே வெளிய வந்துட்டேன். ஒண்ணும் வாங்கல.

— வாங்கினார் சார். ரெண்டு கரண்டி வெண்ணிலா. கார் சீட்டுக்குக் கீழ குனிஞ்சு உக்காந்து சாப்பிட்டார். அந்தப் பிட்சர் வந்து கண்ணாடியைத் தட்டி, கைதுடைக்கத் தாள் கொடுத்துட்டுப் போனான்.

— தாளை நான் வாங்கல.

— சட்டையிலதான் துடைச்சார். அது உண்மை.

— சரி, சரி. ஒரு விஷயம் கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. பிளேட்ல, பந்தடிக்கிறவனுக்குப் பின்னாடி நிக்கிற நடுவர் ஒரு ஆட்டத்துல நூத்தைம்பது பந்துக்காவது சரியான இடத்துல வந்துச்சா, அதாவது ஸ்ட்ரைக்கா இல்லையான்னு சொல்லணும் இல்லையா? அதுல எத்தனை தப்பாப் போகும்?

— ஒண்ணுகூட இல்ல சார். என் ஆறு வருஷத்துல ஒண்ணுகூட.

— நான் உண்மையைச் சொல்லிடறேன் சார். எனக்குக் குறைஞ்சது பத்து தப்பும். தப்பை ஒத்துக்கிறவன்தானே திருந்துவான்.

— பத்தா? ம்ம். நல்ல மனசு. நேர்மையான பையன். எழுதிக்கலாமா?

— தாராளமா எழுதுங்க சார். கே, ஒய், எல், ஈ. பிராண்ட்வோல்ட்.

— சார், ஒரு நிமிஷம். நான் சொன்னது போன வருஷக் கணக்கு. இந்த வருஷம் யோசிச்சுப் பார்த்தா எனக்குப் பன்னெண்டு இருக்கும்.

— சீஃபுக்குப் பன்னெண்டுன்னா எனக்குப் பதினஞ்சு சார். மழை நாள்னா இன்னும் கூடும்.

— பதினெட்டு சார். முதுகு வலி உள்ள அன்னிக்குப் பதினெட்டு. அதுவும் எனக்கே தெரிஞ்சது மட்டும். தெரியாம எத்தனையோ.

— பதினெட்டு. அடேயப்பா. ரெண்டு பேரும் இவ்வளவு திறந்த மனசோட பேசுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. நடுவர்னா வாயைத் திறக்க மாட்டாங்கன்னு சொல்லியிருந்தாங்க.

— பர்லிங்டன் பாலம் வந்துடுச்சு சீஃப். மெதுவாப் போங்க.

— மெதுவாத்தான் போறேன். சார், நீங்க இறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். தமாஷ் எல்லாம் இருக்கட்டும். என் பொண்டாட்டி டெனிஸுக்கு ஆகஸ்ட்ல பிரசவம். ஏப்ரல்லேர்ந்து நான் வீட்ல படுத்தது ஒன்பது ராத்திரி. போன் பண்ணா எங்க இருக்கேன்னு அவ கேக்குறதையே விட்டுட்டா. மேல் லீக்னா விமானத்துல போகலாம், நடுநடுவுல லீவு உண்டு, குழந்தை முகத்தைப் பார்க்கலாம். வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா எனக்கு வேற வேலை தெரியாது சார். கைல் சின்னப் பையன், அவனுக்கு நேரம் இருக்கு. உங்க அறிக்கைல என்னைப் பத்தி நல்லதா ஒரே ஒரு வரி எழுதுங்க. அது போதும்.

— எந்த அறிக்கை?

— மேற்பார்வை அறிக்கை சார். இனிமே மறைக்க வேண்டாம்.

— சீஃபுக்கே எழுதுங்க சார். சத்தியமா. நான் அடுத்த வருஷம் பார்த்துக்குறேன்.

— அடப்பாவமே. தம்பி, நான் மேற்பார்வையாளர் இல்ல. ஏறும்போதே சொல்ல வந்தேன், நீங்கதான் விடல. நான் மெஷின் கம்பெனி ஆள். மைதானத்தைச் சுத்திக் கேமரா மாட்டுவோம். பந்து எங்க வந்துச்சு, ஸ்ட்ரைக்கா இல்லையான்னு மெஷினே சொல்லிடும். நடுவர் காதுல சின்னதா ஒண்ணு மாட்டிக்கணும், அதுல கேக்குறதை உரக்கத் திருப்பிச் சொன்னாப் போதும். பர்லிங்டன்ல இன்னிக்குத்தான் ஆரம்பம்.

— அப்ப நாங்க சொன்ன பதினஞ்சு, பதினெட்டு?

— அது எங்க விளம்பரத்துக்கு. நடுவரே வாயால சொன்னதுன்னா அதோட மதிப்பே வேற. வேண்டாம்னா பேரை எடுத்துடறேன்.

— சீஃப், காரை ஓரமா நிறுத்துங்க. மைதானத்துக்குத் திரும்புற இடத்தைத் தாண்டிட்டீங்க.

— தாண்டினாத் தாண்டட்டும். நான் நல்லாத்தான் இருக்கேன். மெஷின் வந்தா வரட்டும். யாரை மேல ஏத்தறதுன்னு மெஷினா சொல்லும்? அதுக்கு அவர் வரணும். சார், லீக் ஆபீஸ்ல உங்களுக்குப் பழக்கம் இருக்குமே. எங்க மேற்பார்வையாளர் எப்ப வருவார்னு ஏதாவது தெரியுமா?

— அவரா? மெஷினுக்குக் காசு வேணும்னு முதல்ல அவர் வேலையைத்தான் எடுத்தாங்க. மே மாசத்துலேர்ந்து உங்களை யாருமே பார்க்கல, தம்பி.