டாக்டர் ஞானசுந்தரி கேட்ட அறை

மேடையிலிருக்கும் பெரியவர்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்து வெயிலில் நிற்கும் என் ஊர் மக்களே, வணக்கம். அழுவதற்காக நான் ஒலிபெருக்கியைப் பிடிக்கவில்லை. எனக்குக் கோபம் வருகிறது!

நான் ரேணுகா. நம் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் மருத்துவர் ஞானசுந்தரி அம்மையாரிடம் செவிலியராக இருந்தவள். மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அதை யாரிடம் கேட்பது? ஆனால் கேட்கவேண்டியது வேறொன்று இருக்கிறது.

வளர்மதியை மறந்துவிட்டீர்களா? காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. வீட்டில் அம்மை என்று வேப்பிலை வைத்தார்கள். மருந்துக்கடையில் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். எங்களிடம் வந்தபோது, ஆண்கள் வரிசையில் நிற்கும் தாழ்வாரத்தில் அவளால் கையைத்தான் காட்ட முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கேதான் இடுப்பு மடிப்பில் பூச்சி கடித்துக் கருகிய புண்ணைப் பார்த்தார்கள். உண்ணிக் காய்ச்சல்! காலம் கடந்துபோயிருந்தது.

அம்மையார் மறைப்புள்ள ஓர் அறை கேட்டார். மேலதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? "சொறி பாக்கறதுக்குத் தனி ரூமா, டாக்டர்?"

சொறியா! ஓர் உயிர் போன பிறகும் சொறியா!

மறுநாளே உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையை அவரும் நானும் காலி செய்தோம். தன் வீட்டுத் திரைச்சீலையைக் கழற்றி வந்து மாட்டினார் அந்த மகராசி.

அந்த மழைக்காலத்திலேயே சொக்கம்மாள் வந்தார்.

"காய்ச்சல் முதல்லயா, தடிப்பு முதல்லயா? அரிக்குதா? புதுசா இன்னா மாத்திரை சாப்ட்டீங்க?" என்று அம்மையார் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மாத்திரையே தொடலம்மா. புல்லு அறுத்துக்கினு இருந்தேன், காய்ச்சல் வந்துச்சு. இது அம்மைதானே?"

கதவைச் சாத்தி உடம்பு முழுக்கப் பார்த்தோம். மார்புக்கு அடியில் பீடி சுட்டதுபோல் ஒரு கறுப்பு!

"அம்மை இல்லம்மா, பூச்சி கடிச்சுக் கீது. இதுக்கு மாத்திரை கீது, பயப்படாதீங்க."

பிழைத்த சொக்கம்மாள் இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்!

இன்று அந்த அறை என்ன ஆயிற்று? அம்மையாரின் காரியம் முடிவதற்குள் நாற்காலிகள் திரும்ப உள்ளே போய்விட்டன. பூட்டும் தொங்குகிறது. நேற்று காய்ச்சலோடு வந்த ஒரு பெண், மறுபடியும் தாழ்வாரத்தில் கையை மட்டும் காட்டிவிட்டுப் போனாள். இதைப் பொறுத்துக்கொண்டு அம்மையார் படத்துக்கு மாலை போட்டால் போதுமா? சொல்லுங்கள்!

மாலை கொண்டுவந்தவர்கள் போடுங்கள். பிறகு என்னோடு வாருங்கள். அம்மையார் திறந்த அறையை நாம் மூடவிட மாட்டோம். நேற்று திரும்பிப் போனவளை அழைத்து வர ஆட்டோ அனுப்பியிருக்கிறேன். அவள் வந்து சேர்வதற்குள் அந்த நாற்காலிகள் வெளியே கிடக்க வேண்டும்!