காற்றுக்குப் பின்னால்

பத்மினி: குடிய்யா.

சம்பத்: குடிச்சிகினுதான கீறேன்.

பத்மினி: பாட்டில் வாயில கீது. தண்ணி பாட்டில்லயே கீது.

சம்பத்: இப்படி உத்துப் பாக்காதடி. கல்யாணத்தன்னிக்குக்கூட நீ என்ன இப்படிப் பாக்கல.

பத்மினி: பாத்திருந்தா கட்டிகினு இருக்க மாட்டேன். குடி.

சம்பத்: இரு... அந்த போர்டுல தெலுங்குல இன்னா எழுதிக்கீது, படி.

பத்மினி: வயித்துல கீறது ஆணா பொண்ணான்னு இங்க சொல்ல மாட்டாங்களாம். கேக்கறதே தப்பாம்.

சம்பத்: போச்சி. அத கேக்கலாம்னுதான் நா வந்தேன்.

பத்மினி: சிரிச்சிட்டேன். குடி.

சம்பத்: சுத்தியும் புள்ளத்தாச்சிங்களா கீது, நடுவுல நா ஒருத்தன். ஸ்கேன் உனக்குன்னு நெனச்சிகினு இருந்தாங்க. பாட்டில் என் கையில கீறத பாத்து பக்கத்துல கீற அம்மா கொழம்பிப் போச்சி.

பத்மினி: யோவ், வாயி பேசறதுக்கு மட்டுமில்ல.

சம்பத்: நீ என்ன கூட்டிகினு வந்தது எதுக்கு? மலைக்கு. பொரட்டாசி சனிக்கெழம, பெருமாளுக்கு ஒருபொழுது, காலையிலேர்ந்து பல்லுல ஒன்னும் படக்கூடாதுன்ன. நானும் பக்தியா வந்தேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டுல எறங்கினா, மலை அந்தப் பக்கம் கீது, நீ என்ன இந்தப் பக்கம் இட்டுகினு வர...

பத்மினி: வெறும் வயித்தோட வரணும்னாங்க. ஸ்கேனுக்குன்னா நீ பட்டினி கெடப்பியா? பெருமாளுக்குன்னா கெடப்ப.

சம்பத்: சாமி பேர சொல்லி ஏமாத்திட்டியேடி.

பத்மினி: அவருகிட்ட நா பேசிக்கிறேன்.

சம்பத்: போன வாரந்தான சித்தூர்ல எடுத்தோம்? வெறும் கேஸுன்னு நீதான சொன்ன? ஊட்டுக்குப் போயி கேசரி கிண்டி தெருவுக்கே குடுத்தியே.

பத்மினி: அந்த கேஸு போயிடுச்சான்னு பாத்துட்டா ஒரு நிம்மதி.

சம்பத்: கேஸ பாக்கறதுக்கு தண்ணி எதுக்கு?

பத்மினி: வயித்துல காத்து நின்னா அந்த மிஷினுக்குக் கண்ணு தெரியாதாம். காத்துக்குப் பின்னால எது ஒளிஞ்சிகினு இருந்தாலும் வெறும் பொகதான் தெரியுமாம். தண்ணி ரொம்பி நின்னா வயித்தோட செவுரு பளிச்சினு தெரியுமாம்.

சம்பத்: யாரு சொன்னது?

பத்மினி: ...சிஸ்டரு.

சம்பத்: அடேங்கப்பா. ஸ்ரீசிட்டி கம்பெனில டப்பா ஒட்டறவ டாக்டரு ஆயிட்டா.

பத்மினி: தக்காளி வண்டி ஓட்டறவன் புள்ளத்தாச்சி ஆவலியா?

சிஸ்டர்: சம்பத் காரு! நீள்ளு தாகாரா?

சம்பத்: தாகுதுன்னானம்மா, தாகுதுன்னா!

பத்மினி: குடிச்சிகினு கீறேன்னு தெலுங்குல சொன்னா பொய்யி தீந்துடுமா? பாட்டில்ல எங்க கொறஞ்சிக்கீது, காட்டு.

சம்பத்: எறங்கல பத்மினி... நெஜமாவே எறங்கல. ரெண்டு வாய் போனாலே இங்க வந்து நின்னுக்குது.

பத்மினி: எங்க?

சம்பத்: இங்க, நெஞ்சுக்குழில... தே, மூஞ்சிய அப்படி வெக்காத. சொம்மா வெளயாட்டுக்குச் சொன்னேன்.

பத்மினி: எத்தினி நாளா?

சம்பத்: வெளயாட்டுன்றேன்ல. துன்னாமயா கீறேன்? ராத்திரி கொல்லையில ஒக்காந்து துன்னுட்டு தட்ட குடுக்கறேன். காலியாத்தான வருது?

பத்மினி: காலியாத்தான் வருது. நாயிதான் பெருத்துகினே போவுது. நீ பெல்ட்டுல ஆணியால புது ஓட்ட போடற. அதுக்குக் கழுத்துப் பட்ட பத்தல.

சம்பத்: வாயில்லா ஜீவன்... ஏதோ பாசத்துல ஒரு உருண்ட...

பத்மினி: கொழம்புல காரமே இல்லன்னு திட்டுனியே. துன்றது நாயாச்சேன்னுதான் மொளகாய கொறச்சேன்.

சம்பத்: தெரிஞ்சிகினேவா போட்ட? ஒரு வார்த்த கேக்கலியே?

பத்மினி: கேட்டா, தட்டு முன்னால ஒக்கார்றதையும் உட்டுடுவ. ஒக்காரவாவது செய்யட்டும்னு இருந்தேன்.

சம்பத்: ...எழுந்திரு. மலைக்குப் போயிடலாம். அப்பால கூட்டம் சேந்துடும்.

பத்மினி: குடிச்சிட்டுப் போலாம்.

சம்பத்: எங்க நைனாவுக்கும் இப்படித்தான். காலையில ஏர் ஓட்டிட்டு தானா நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. படம் புடிச்சாங்க, உள்ள இருக்குதுன்னாங்க. அன்னிக்கிப் படுத்தவருதான். பாக்காம உட்டிருந்தா அது பாட்டுக்கு அது கெடந்திருக்கும்... அவரு பாட்டுக்கு அவரு இருந்திருப்பாரு.

பத்மினி: பொட்டியில மேல நல்ல தக்காளியா அடுக்கிட்டா, கீழ கீறது அழுகாதா?

சம்பத்: என் சரக்க எங்கிட்டயே விக்கிறியா?

பத்மினி: வேற யாருகிட்ட விக்கிறது?

சம்பத்: ...ஒன்னு சொல்றேன். இத்தினி பேர் முன்னால அடிக்கக் கூடாது.

பத்மினி: சொல்லு.

சம்பத்: சித்தூர்லயும் தண்ணி குடுத்தாங்க. நீ சீட்டு போடற வரிசைல நின்னுகினு இருந்த. வராண்டாவுல ஒரு குரோட்டன்ஸ் தொட்டி... மொத்தமும் அதுக்குதான். வெறும் வயித்தோட போயி படுத்துட்டேன். காத்துதான தெரியும்? அதான் கேஸுன்னுட்டாங்க. மிஷின ஏமாத்தினேன், டாக்டர ஏமாத்தினேன், உன்னியும்... நீ கேசரிய கையில குடுத்து சிரிக்கற, எனக்கு ஒரு வாய் எறங்கல. நானும் சிரிச்சிகினே நாய தேடுறேன்.

பத்மினி: தெரியும்.

சம்பத்: நாயா?

பத்மினி: செடி. தொட்டி வழிஞ்சி வராண்டா பூரா தண்ணி. கூட்டற அம்மா யாரு யாருன்னு திட்டிகினு இருந்துச்சி. உன் செருப்பு மட்டுந்தான் ஈரமா இருந்துச்சி.

சம்பத்: அப்ப ஏன்டி ஒன்னும் கேக்கல?

சிஸ்டர்: சம்பத் காரு, நெக்ஸ்டு மீரே!

சம்பத்: அடுத்து நாமதானாம். பத்மினி... இங்கயும் கேஸுன்னே சொல்லட்டுமே. இன்னொரு தடவ கேசரி கிண்டேன். இந்தத் தடவ சத்தியமா நானே துன்றேன்.

பத்மினி: சித்தூர்ல எவனும் கேஸுன்னு சொல்லலய்யா. நீ வயித்துல தடவுன பசைய தொடச்சிகினு இருந்தப்ப, டாக்டரு என்ன ஓரமா கூப்ட்டாரு. தண்ணி இல்லாமயே தெரியுதும்மா, வயித்து செவுரு ஒரு பக்கம் தடிச்சி கட்டியா கீது, எவ்ளோ தூரம் ஓடிக்கீதுன்னுதான் காத்துல தெரியல, சீக்கிரமா திருப்பதிக்குக் கூட்டிகினு போன்னாரு. அதுக்குள்ள நீ சட்ட பட்டன தப்பு தப்பா போட்டுகினு, இன்னாவாம்டின்னு சிரிச்சிகினே வந்து நின்ன... எனக்கு வாயில வந்தது கேஸு. பாட்டில எடு. கொஞ்சங் கொஞ்சமா குடி, சிஸ்டர்கிட்ட நா நேரம் கேக்கறேன். இங்க தொட்டி ஒன்னும் இல்லய்யா, வந்த ஒடனே பாத்துட்டேன்.