ரெண்டாம் நம்பர் பாரா

இரவு இரண்டு மணி. திருத்தணி மலையடிவாரத்திலிருந்து சப் ஜெயிலுக்கு வரும் பாதையில் நாய்கூட இல்லை... நாற்பத்து மூன்றாம் வருஷம். இதோ உட்கார்ந்திருக்கும் நம் கங்காதரனின் அக்கா புருஷன் சிங்காரம் அங்கே வார்டர். நன்றாக நெருங்கி உட்காருங்கள். சொல்கிறவனுக்குப் பயமில்லை, குளிர்தான்.

ராத்திரிக் காவலான பாராவில் மணிக்கொரு தரம் முன்வாசல் ஆள் "ஒண்ணாம் நம்பர், உஷார்" என்று கூவ வேண்டும். பின்சுவர் ஆள் "ரெண்டாம் நம்பர், உஷார்" என்று பதில் கொடுக்க வேண்டும். எதிர்க் குவார்ட்டர்ஸில் ஹெட் வார்டர் ஜம்புலிங்கம் படுத்தபடியே கேட்பார். ஒரு குரல் குறைந்தாலும் சீட்டுக் கிழிந்துவிடும்.

பின்சுவர் ஆள் பட்டாளத்துக்குப் போய்விட்டான். வேறு ஆள் வரவில்லை. கைதிகளையும் சித்தூருக்கு மாற்றிவிட்டார்கள். காலி ஜெயிலுக்கு முன்வாசல் சிங்காரம் தன்னந்தனிக் காவல்.

"ரெண்டு கொரலு கேக்கணும். எப்டியோ கேக்க வை" என்றார் ஜம்புலிங்கம்.

சிங்காரம் முன்னால் கூவிவிட்டு, பின்னால் ஓடி, தொண்டையைக் கரகரப்பாக்கிப் பதிலும் கொடுத்தார். ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள்.

பகல் வார்டர் எல்லப்பனிடம் ஒருநாள், "ராத்திரில தனியா ஒரு மாதிரியா கீதுப்பா" என்றார்.

"இம்மாம் பெரிய மீசைய வெச்சுகினா? வூட்டம்மாவ தொணைக்கு இட்டாந்துக்கோண்ணா."

அந்த ஜெயிலில் அதற்குமேல் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. எல்லப்பனும் தன் ராத்திரி பாராக் காலத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டான்.

அந்த இரண்டு மணிக்குச் சிங்காரம் கூவினார். ஓட ஒரு கால் எடுத்து வைத்தார்...

"ரெண்டாம் நம்பர், உஷார்."

பின்சுவரிலிருந்து. நனைந்த கம்பளி வாடை அடித்தது. ஊரில் மழையே இல்லை...

அவர் போய்ப் பார்க்கவில்லை. முழங்கால்வரை வந்தது பயம்தான். நெஞ்சுக்கு வந்தது வேறு. மூன்று மணி எப்போது ஆகும் என்று காத்திருந்தார். அதன்பின் எல்லா இரவும் அப்படியே. பதில் வந்ததும் மெதுவாக, "சாப்டியாப்பா?" என்று கேட்கவும் ஆரம்பித்தார். அதற்கு மட்டும் ஒன்றும் வராது.

ஆடியில் ஒருநாள் நல்ல காய்ச்சல். பத்து மணிக்குக் கூவிவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கண் விழித்தபோது விடிந்திருந்தது. பத்து மணிக்கு அப்புறம் ஒரு கூவலும் கொடுக்கவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜம்புலிங்கத்தின் எதிரே போய் நின்றார்.

ஜம்புலிங்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குய்யா பெல்ட்ட கயட்டிகினு நிக்கற? மணி தவறாம ரெண்டு கொரலும் கேட்டுச்சே. ஒண்ணாம் நம்பரு உன் கொரலேதான்."

வாய் கொப்பளித்துத் துப்பினார்.

"ஆனா, ஒவ்வொரு தபா கூவிட்டும் ஏன்யா அப்டி அழுதுகினு இருந்தே?"