பெரியப்பா கட்டியிருந்த கைக்கடிகாரம்

கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்துவிட்டேன். நடந்த தப்பு அது ஒன்றுதான், மேடம். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. தண்ணீருக்குள்ளும் ஓடும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. கூட்ட அறையில் நீங்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படத்தில் மணி சரியாகப் பதினொன்று பத்து. மூன்று மாதம் அதை யாரும் கவனிக்கவில்லை. நேற்று நம் டிரைவர்தான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெரியப்பா வாட்ச் கட்டியிருக்காரே" என்றார். நீங்கள் என்னைக் கூப்பிட்டு எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவிடம் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. பாறைக் குகையில் குடியிருந்த கிழட்டுக் களவா மீன் அவர். ஆள் நீளம் இருப்பார், வாயைத் திறந்தால் ஒரு குடம் உள்ளே போகும். படகுக்காரர்கள்தான் பெரியப்பா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாறைப் பக்கம் வலை போடக்கூடாது, அதைப் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியாக்க வேண்டும் என்று நீங்கள் ஐந்து வருடம் நாயாய் அலைந்தீர்கள். கடைசியில் படகுக்காரர்களுக்குத் தலைவரான என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "பெரியப்பா இருக்கிற வரைக்கும் இங்க வலை இறங்காது. அவரு இல்லன்னு தெரிஞ்சா அன்னைக்கே எறக்கிடுவோம்" என்றார். நீங்கள் கண்கலங்கிக் கை கொடுத்தீர்கள்.

பாக்கி இருந்தது மேலிடத்து விதி. ஐம்பது மீட்டர் நாடாவைக் கடலடியில் விரித்து, இரண்டு பக்கமும் எண்ணினால் முந்நூறு மீனாவது தேற வேண்டும். தேறாவிட்டால் திட்டமே கிடையாது. எண்ணுகிற வேலை என்னுடையது. பதினாறு வருடமாக எண்ணுகிறேன், ஒரு மீன் கூடக் குறைய எழுதியதில்லை.

நாடாவை விரித்ததுமே பெரியப்பா வந்துவிடுவார். தோளோடு தோள் உரசிக்கொண்டு கூடவே நீந்துவார். அவரைக் கண்டதும் மற்ற மீன்கள் இருந்த இடம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். முதல் முறை நூற்று நாற்பது தேறியது. இரண்டாம் முறை நூற்று இருபத்திரண்டு. மூன்றாம் முறை தொண்ணூற்றாறு, அதில் ஒன்று அவர். அன்றைக்கு என் பென்சிலையும் விழுங்கிவிட்டார். நான் தன்மையாகத்தான் சொல்லிப் பார்த்தேன். குகையைக் காட்டி, உள்ளே போங்கள் என்று கை கூப்பினேன். வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வருட உழைப்பை ஒருவர் மூக்கை நுழைத்துக் கெடுக்கிறார். அவரைக் காப்பாற்ற வந்த திட்டத்துக்கு அவரே குறுக்கே நிற்கிறார். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் திட்டத்தின் பக்கம் நின்றேன்.

தூண்டிலுக்கு அவசியமே இருக்கவில்லை. புதுப் பென்சிலை நீட்டினேன், வந்தார். கயிறு என் கையில் இருந்தது. பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை, அந்த வகையில் தங்கமானவர். நாற்பத்திரண்டு கிலோ. நானே நிறுத்தேன், எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க வராது. மறுபடி இறங்கி எண்ணியபோது முந்நூற்று ஐம்பத்தொன்று. மீன்கள் எல்லாம் வெளியே வந்து நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் பராமரிப்பு வேலைதான். வருடத்துக்கு இரண்டு தடவை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் கூட்டிவருகிறோம். மச்சானும் வந்து, பெரியப்பா இருக்கிறாரா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போவார். அவரை ஏமாற்ற எனக்கு மனமில்லை, அவர் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். வீட்டில் கிழிந்துபோன சாம்பல் நிறத் திரைச்சீலை ஒன்று கிடந்தது. நாடகத்துக்கு மீன் வேஷம் வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். பாவம், மெஷினில் உட்கார்ந்து ஒரே நாளில் தைத்துவிட்டாள். "வாய இன்னும் கொஞ்சம் பெருசா வெக்கட்டுமாங்க?" என்று மட்டும் கேட்டாள். கடலுக்குள் போடும் கண்ணாடி வழியாக வெளியே தெரிய வேண்டும் என்பதால் வைக்கச் சொன்னேன்.

நான்கு வருடமாகக் குகைக்குள் மூச்சடக்கி, தலையை மட்டும் நீட்டி, அவரைப் போலவே முறைத்துக்கொண்டிருக்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம். மச்சான் ஒரு தடவை, பெரியப்பா வர வர நம்ம மாப்ளை ஜாடையில் இருக்கிறார் என்றார். நான் அப்போது தண்ணீருக்குள் இருந்தேன், வீட்டுக்கு வந்தபின் மனைவி சொல்லித்தான் தெரியும். பாறையைப் பிடித்திருந்த என் கையும் சேர்ந்து விழுந்த அந்தக் கூட்ட அறைப் படத்தை எடுத்த பிள்ளைக்கு நீங்கள் பரிசு கொடுத்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாளைக் காலையில் மச்சானும் படகுக்காரர்களும் பெரியப்பாவைப் பார்க்க வருகிறார்கள். படத்தைப் பற்றி டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நீங்கள் உண்மையைச் சொன்னால் மத்தியானத்துக்குள் வலை இறங்கிவிடும். போன மாதம் எண்ணியதில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு மீன்கள். ஒன்று விடாமல் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். முடிவு உங்கள் கையில். திரைச்சீலை துவைத்துக் காய்கிறது, கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டேன்.

பெரியப்பாவை எங்கே புதைத்தாய் என்று நேற்று கேட்டீர்கள். புதைக்கவில்லை, மேடம். அவ்வளவு பெரிய உடம்பை வீணாக்கலாமா? கடல் பகுதியை அறிவித்த அன்று நம் அலுவலக மாடியில் விருந்து நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாற்பது பேருக்குப் பொரித்த மீன் என் பொறுப்பில் வந்தது. மச்சான் வெளுத்துக்கட்டினார். "எங்க புடிச்சது மாப்ளே, இவ்ளோ ருசி" என்றார். பக்கத்தில்தான் என்றேன். பெரியப்பா நீடூழி வாழ வேண்டும் என்று நீங்கள் பேசினீர்களே, அப்போது உங்கள் தட்டில் இருந்தது இரண்டாவது துண்டு.

ஆக, நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்கிறேன். இதில் எனக்காக நான் செய்தது எதுவுமில்லை, எல்லாம் கடலுக்காகத்தான். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வாரக் கணக்கெடுப்புக்கு வேறு ஆளை அனுப்பாதீர்கள். குகைக்கு இப்போது புதிதாக ஒரு களவா குடிவந்திருக்கிறது, போன மாதம் அது என் பென்சிலை முகர்ந்து பார்த்தது. இன்னும் சின்னதுதான், எட்டுப் பேருக்குத்தான் வரும்.