புல்லுக்கு ஜொரம்

மார்கழிக் காலை. சிங்கப்பெருமாள் கோவிலில் கிளம்பிய ஷேர் ஆட்டோ பனிக்குள் மிதந்துகொண்டே போனது. எனக்கு எதிரில் ஓர் அம்மாவும் ஓர் ஆளும், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் புல்தரையைப் பார்த்துக்கொள்கிறவர்கள்.

"என் புல்லுக்கு ஜொரம், ஏழுமல," என்றார் அந்த அம்மா.

"புல்லுக்கு ஜொரமா? இன்னும் தூக்கம் தெளியலயாக்கா?"

"வெட்டின புல்லு, காஞ்ச எல, சாணித்தண்ணி, எல்லாத்தையும் கேட்டாண்ட குமிச்சி வச்சிக்கிறேன்ல? உள்ள கைய வுட்டா சுடுது. காலைல ஆவி வருது."

"அத்தப் பாத்துதான் நெருப்புன்னு செக்யூரிட்டி விசிலடிச்சிட்டான். சூப்பர்வைசர் லாரிக்கி சொல்லிட்டாரு. இன்னிக்கி வாரிடுவாங்க."

"பாதி வெந்த சோத்த எவனாவது எறக்குவானா? ஆடிலேந்து பெரட்டிப் பெரட்டிப் போட்டுகினு கீறேன். இன்னும் ஒரு மாசம் வுட்டா அத்தினியும் எருவு."

"அவராண்ட சொல்லேன்."

"சொல்லிட்டேன். குப்பைக்கு இன்னாம்மா வக்காலத்துன்றாரு."



கேட் வந்தது. லாரி காலியாக நின்றது. பக்கத்தில் ஆவி பறக்கும் குவியல். லாரி டிரைவரும், சட்டையில் பேட்ஜ் குத்திய சூப்பர்வைசரும் அதன்முன் குந்தி, கைகளை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

ஏழுமலை கூப்பிட வாயெடுத்தார். அந்த அம்மா அவர் தோளை அழுத்தினார்.

"சத்தம் போடாத. நல்லா காயட்டும்."