பெரிய பின், சின்ன பின்

“பேட்டரி ஸ்கூட்டர் வாங்கறதுன்னா மைலேஜ் கேக்காத. உங்க வூட்ல மாவு என்னைக்கு ஆட்றாங்கன்னு கேளு.”

கெலமங்கலத்திலிருந்து ஓசூர் போகும் காலைப் பேருந்து. முன் இருக்கையில் ஒரே கம்பெனிச் சீருடையில் இருவர். மீசைக்காரர் சொன்னதைக் கேட்டு இளையவர் விழித்தார், பின்னால் நானும்தான்.

“மாவுக்கும் வண்டிக்கும் என்னண்ணா?”

“என் வண்டி சார்ஜருக்குப் பெரிய பின்னு. வாடகை வூட்ல பெரிய ஓட்டை பிளக் ஒண்ணே ஒண்ணு, அடுப்படில. அதுல கிரைண்டர்.”

“மாத்தி மாட்ற அடாப்டர் விக்குதே?”

“வாங்கிப் போட்டேன். ஹால் பிளக் கருகிப் போச்சு. ஓனரம்மா கன்னடத்துல திட்ட ஆரம்பிச்சு தெலுங்குல முடிச்சாங்க.”

“மாவு ஆட்டி முடிச்சதும் சொருகலாம்ல?”

“என் பொண்டாட்டி கிரைண்டரை நிறுத்தவும் கரண்டு போகவும் சரியா இருக்கும்.”

“அதான் இன்னைக்கு பஸ்ஸா?”

“நேத்து மாவு.”

இளையவர் செல்போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நம்ம கிரைண்டரும் பெரிய பின்னுதானே? மாவு என்னைக்கு ஆட்டுவே? ... ஐயோ, இட்லிய நான் ஒண்ணும் சொல்லலையே!”

அந்தப் பக்கம் பதில் நீண்டது. போனை வைத்தவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“என்னைக்காம்?”

“தினமுமாம்ணா. தெருவுக்கே மாவு வித்துக்கிட்டு இருக்கா. எனக்கே இப்பத்தான் தெரியும்.”

“அப்ப நீ பஸ் பாஸ் எடுத்துரு,” என்றார் மீசைக்காரர். “நாளைலருந்து வர்றப்ப எங்க வூட்டுக்கும் மாவு கொண்டா. என் வண்டியாவது ஓடட்டும்.”