அறேனாவின் மற்றப் பக்கம்

— வெட்டிவிடும் பிள்ளை. என்ரை கண்ணுக்கு முன்னாலை அந்த மற்றப் பக்கத்துப் பதிவை வெட்டிவிடும், பிறகு ஆறுதலாக் கதைப்பம்.

— முதல் இருங்கோ ஞானசுந்தரம் மாமா. அந்தக் கதிரை வேண்டாம், அதிலை றொடேயோக்காரற்றை கயிறு கிடக்கு. இஞ்சாலை இருங்கோ.

— நான் இருக்க வரேல்லை தயாளினி. மெற்றோவாலை ஏறி வெளியிலை வாறன், உங்கட அறேனா வாசலிலை பெரிய மின்பலகையிலை நாளைய நிகழ்ச்சி ஓடுது. ஏ பக்கம், எங்கட பள்ளிக்கூடப் பேர். பெருமையாக் கிடந்துது, நிண்டு படமும் எடுத்தன். அடுத்த வரி, பி பக்கம். அதுவும் எங்கட பள்ளிக்கூடப் பேர். விளங்குதோ? ஒரு பள்ளிக்கூடம், ஒரு நாள், ஒரு மண்டபம், ரெண்டு கூட்டம். நாளைக்கு எங்கட கடைத்தெரு, ரூ லூயி-பிளாங் முழுக்கச் சிரிக்கப் போகுது.

— லூயி-பிளாங்கிலை ஆர் உங்களைப் பாத்துச் சிரிக்கிறது? எல்லாரும் உங்கட கடையிலைதானே மத்தியானச் சாப்பாடு.

— பகிடியை விடும். அறேனாவை எடுத்து ஆண்டு விழா வைக்கிற முதல் சங்கம் நாங்கள் எண்டு வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டன். கொத்துரொட்டி கட்டிக் குடுக்கிற பையிலையும் அடிச்சுப்போட்டன்.

— நானும் சும்மா இருக்கேல்லை மாமா. இஞ்ச நிகழ்ச்சியளுக்குப் பொறுப்பெடுத்த நாளிலையிருந்து, எங்கட ஆக்களுக்கும் ஒருக்கா இதைக் குடுங்கோ எண்டு மேலை கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். "ஒழுங்கான சனம், ஒரு சோலியும் வராது" எண்டு என்ரை வாயாலை சொல்லி வாங்கினனான். நாளைக்கு நீங்கள் இதுக்குள்ளை அடிபட்டால் கதவு இனித் திறவாது. என்ரை முகத்திலையும் கரி.

— சண்டையைத் துவக்கினது நானில்லை. கரிகாலன்.

— பி பக்கத்தை எடுத்தது கரிகாலன் மாமா எண்டு ஆர் சொன்னது?

— வேறை ஆர்? பாரிசிலை எங்கட பள்ளிக்கூடத்துக்கு ரெண்டே ரெண்டு சங்கம். எங்கடது "பழைய மாணவர் சங்கம், பிரான்ஸ்." அவன் பிரிஞ்சு போய்த் துவக்கினது "பிரான்ஸ் பழைய மாணவர் சங்கம்."

— பெரிய வித்தியாசம்தான்.

— சிரியாதையும். ஆக்களைப் பாரும், பேரைப் பாராதையும். எங்களிட்டை டொக்டர்மார் இருக்கினம். அவனிட்டை மேளக்காரர் மட்டும்தான்.

— பி பக்கம் ஆரெண்டு நான் சொல்ல மாட்டன் மாமா. அதை எடுத்தவை அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கினம்.

— சரி, உதென்ன கீழை இந்தச் சத்தம்? காது அடைக்குது.

— மண் அள்ளுறம். நேற்று இஞ்ச றொடேயோ நடந்தது. நிலத்துக்கு விரிப்புப் போட்டு, லொறி லொறியா மண் கொட்டி, மாடு துள்ளி மனுசனை எறிய எறியச் சனம் எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. போன கிழமை அதே இடத்திலை பாட்டுக் கச்சேரி, அதுக்கு முதல் கூடைப்பந்து. இண்டைக்கு மண் போனவுடனை விளையாட்டுப் பலகை விரிப்பம். காலமைக்கு உங்கட பக்கத்துக்கு மேடை. வொய்லா, பாருங்கோ, ஒரே மண்டபம்தான், உடுப்பு மாத்திற மாதிரி மாத்திறம்.

— சாணி மணக்குது பிள்ளை. நாளைக்கு மங்கள விளக்கு ஏத்தேக்கையும் மணக்குமோ?

— சாணி போட்டு மெழுகினதெண்டு நினையுங்கோ. மங்களம்தானே.

— உம்மோடை கதைச்சு வெல்லேலாது.

— விளக்கெண்டதும்தான் ஞாபகம் வருது. பொம்பியே, தீயணைப்புக்காரர், வந்து பாத்தவை. நெருப்பு விசயத்திலை அவை சரியான கண்டிப்பு. முழு மண்டபத்துக்கும் ஒரு விளக்குத்தான் விடுவினமாம். ஏ பக்கம், பி பக்கம் ரெண்டுக்கும் சேத்து ஒண்டு.

— ஒண்டெண்டால் அது எங்களுக்கு. கரிகாலன் விளக்கில்லாமல் என்னண்டு விழாத் துவக்குவான்? கைபோனிலை லைற்றைப் பிடிப்பானோ?

— பி பக்கமும் அதைத்தான் சொல்லிச்சுது. விளக்கு ஏ பக்கத்துக்கே இருக்கட்டும், மினுக்கியும் வைச்சாச்சு எண்டு.

— எங்கட விளக்கு மினுக்கியாச்சுதெண்டு அவனுக்கு என்னண்டு தெரியும்? பாத்தீரோ, எங்கட ஆக்களுக்குள்ளை உளவு வைச்சிருக்கிறான்.

— அவை கேட்டது ஒரேயொரு விசயம் மாமா. ரெண்டு பக்கத்தையும் பிரிக்கிற நடுத்திரையை இறக்க வேண்டாமாம். மண்டபம் ஒண்டாக் கிடக்கட்டுமாம்.

— அதுதான் சூது. எங்கட விழாவை அங்காலையிருந்து பாத்து நக்கலடிக்க. திரை வேணும். கூரையிலையிருந்து நிலம்வரைக்கும் வேணும். ஒரு ஓட்டை இருக்கக் கூடாது, விளங்குதோ?

— நீங்களும் கரிகாலன் மாமாவும் பள்ளிக்கூடத்திலை ஒரே வாங்கிலை இருந்தனியள் எண்டு அம்மா சொல்லுறவ. உண்மையிலை என்னத்துக்குப் பிரிஞ்சனியள்?

— விளக்காலைதான். சார்செல்லிலை ஒரு மண்டபம் எடுத்து ஆண்டு விழா. விளக்கேத்த ஆக்களைக் கூப்பிடுறம். ஐஞ்சு திரி. ஐயருக்கு ஒண்டு, டொக்டருக்கு ஒண்டு, மேயற்றை ஆளுக்கு ஒண்டு, பழைய அதிபருக்கு ஒண்டு, தலைவர் எண்டு எனக்கு ஒண்டு. முடிஞ்சுது. கரிகாலன் எழும்பி, "என்ரை மனுசியை ஏன் கூப்பிடேல்லை" எண்டான். மைக்கிலை. முழுச் சனத்துக்கும் முன்னாலை. பிறகு சங்கக் கொடியைச் சுருட்டிக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு போட்டான். கொடியோடை அரைவாசிச் சனமும் போச்சுது.

— மரியகொறற்றி மாமியை ஏன் கூப்பிடேல்லை?

— கூப்பிடுறதுக்குத் திரி எங்கை கிடக்கு? ஆறாவது திரிக்கு நான் எங்கை போறது?

— அவ கேட்டவவோ?

— சீ, அவ கேக்கேல்லை. அவ அண்டைக்கு விடியத் துவங்கிக் குசினியிலை நிண்டவ. வடை முழுக்க அவதான் சுட்டவ.

— அப்ப கௌரி மாமி எத்தினையாவது திரி?

— ஆர், என்ரை மனுசியோ? அவ விளக்கு மினுக்கிறவ. திரி திரிக்கிறவ, எண்ணெய் விடுறவ, பூச் சுத்திறவ. அந்த வேலையெல்லாம் முடிஞ்சால் பின்னாலை போய் நிப்பா. வீட்டு ஆளை நானே மேடைக்குக் கூப்பிட்டால் சனம் என்ன சொல்லும்?

— நாளைக்கும் அப்பிடித்தானோ?

— நாளைக்கும் அதே ஒழுங்குதான். அவவுக்கு அதிலை ஒரு குறையுமில்லை பிள்ளை. இத்தினை காலத்திலை ஒரு நாள் வாய் திறந்து கேட்டதில்லை.

— கொறற்றி மாமி மாதிரி.

— என்ன சொன்னனீர்?

— ஒண்டுமில்லை. மாமி இண்டைக்கு மண்டபம் பாக்க வரேல்லையோ?

— சனிக்கிழமையெண்டால் அவவுக்குப் பிள்ளையார் கோயிலிலை பஜனை. மழையெண்டாலும் போவா, ரெயில் வேலைநிறுத்தம் எண்டாலும் போவா. போன மாசம் கோயில் படியிலை வழுக்கி முழங்கால் வீங்கிப் போச்சு. பட்டி கட்டிக்கொண்டு போறா. டொக்டர் சொன்னவர் எண்டு வெள்ளைச் சப்பாத்தொண்டும் வாங்கியிருக்கிறா. சீலைக்குக் கீழை வெள்ளைச் சப்பாத்து. பக்தியெண்டால் அப்பிடி ஒரு பக்தி.

— தங்கச்சி, குறை நினையாதேங்கோ, உள்ளை வரலாமோ? மண் முடிஞ்சுது. பலகையும் விரிக்கத் துவங்கீட்டம். மாட்டு லொறி போட்டுதோ எண்டு பொம்பியே கேக்கினம்.

— வாங்கோ தவசீலன் அண்ணை. போட்டுது எண்டு சொல்லுங்கோ.

— கடைசி மாட்டை ஏத்த நானும் கூடப் போனனான். நேற்று இதுக்குள்ளை என்ன துள்ளுத் துள்ளிச்சுது. ஒண்டையொண்டு கண்டால் குத்திக் கிழிக்குமெண்டு நினைச்சன். லொறியிலை ஏறினாப் பிறகு பாத்தால், பக்கத்து மாட்டின்ரை முதுகிலை தாடையை வைச்சுக்கொண்டு நிக்குது. பாக்கச் சனம் இல்லையெண்டால் அதுக்கும் கோவமில்லை.

— இவர் என்ன பிள்ளை, என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு கதைக்கிறார்?

— கிளிநொச்சியிலை மாடு மேய்ச்சு வளந்தவர் மாமா, மாட்டைப் பற்றித்தான் சொன்னவர். அண்ணை, வேறை என்ன?

— உந்தக் கம்பம் ரெண்டும் வந்து இறங்கிக் கிடக்கு. அதை எங்கை வைக்கிறது?

— பி பக்கத்துக்கு. இப்பைக்குச் சுவரோடை விடுங்கோ, பலகை முடிய நிப்பாட்டுவம்.

— சரி தங்கச்சி.

— பொறும், பொறும். இந்தக் கண்ணாடியாலை தெரியுது. பின்பலகை இல்லாத வளையம். உது வலைப்பந்துக் கம்பமல்லோ?

— ஓம் மாமா.

— பிரான்சிலை உது ஆருக்குத் தெரியும்? ஆர் விளையாடுறது? ஆ, விளங்கீட்டுது. லண்டனிலையிருந்து பெட்டையளின்ரை அணியொண்டை இறக்கிறான். வலைப்பந்தெண்டால் எங்கட சனம் விழுந்தடிச்சு வரும் எண்டு அவனுக்குத் தெரியும். இஞ்ச நான் பட்டிமன்றம் வைக்க, அங்கை பந்து பறக்கும். எங்கட கதிரையெல்லாம் அங்கால் பக்கம் திரும்பும்.

— வலைப்பந்துக்கு அவ்வளவு மவுசோ?

— என்ன கேள்வி இது. எங்கட பள்ளிக்கூடம் அதுக்குத்தான் பேர் போனது. கொறற்றி நடுவிலை நிண்டால் பந்து அவவைத் தாண்டாது. அவ பிடிச்சு எறிஞ்சால் வளையத்தடியிலை ஆர் நிப்பா தெரியுமோ? எங்கட கௌரி. எட்டிப் போட்டால் உள்ளைதான். நானும் கரிகாலனும் மதிலிலை ஏறியிருந்து பாக்கிறனாங்கள். அவன் கொறற்றிக்குக் கத்துவான், நான் கௌரிக்குக் கத்துவன். ரெண்டு கலியாணமும் அந்த மதிலிலைதான் முடிவானது.

— பிறகேன் மாமி விளையாடேல்லை?

— கலியாணம் முடிச்ச பொம்பிளை என்னண்டு பிள்ளை விளையாடுறது? நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. கேட்டால்தானே ஓமோ இல்லையோ சொல்ல.

— கரிகாலன் மாமா இல்லாத விழா உங்களுக்குச் சந்தோசமோ?

— உமக்குச் சொல்லுறதுக்கென்ன. பள்ளிக்கூடப் பாட்டிலை எனக்கு ரெண்டாவது வரி வராது. சின்னனிலையிருந்து அவன்தான் பக்கத்திலை நிண்டு எடுத்துத் தாறவன். இப்ப ஒவ்வொரு விழாவிலையும் நான் சும்மா வாயை அசைச்சுக்கொண்டு நிக்கிறன். தலைவர் நிண்டு வாயசைக்கிறார். அது எனக்குத்தான் தெரியும்.

— அப்ப போய்க் கூப்பிடுங்கோவன்.

— நானோ? கொடி அவனிட்டை. அவன் வரட்டும். கதையை மாத்தாதையும் தயாளினி. கடைசியாக் கேக்கிறன், வெட்டுவீரோ, மாட்டீரோ?

— நான் வெட்டேலாது மாமா. எடுத்த ஆள் தன்ரை வாயாலை வேண்டாம் எண்டு சொன்னால் அந்த நிமிசமே வெட்டுறன்.

— அவ்வளவுதானே? விலாசத்தைச் சொல்லும். நேரை போய்க் கதைக்கிறன். ஞானசுந்தரம் வாசலிலை போய் நிண்டு, இல்லை எண்டு சொல்லித் திருப்பி அனுப்பின வீடு இந்தப் பாரிசிலை இல்லை. கேட்ட உடனை வெட்டுவிப்பன், பாரும்.

— சத்தியமாப் போவியளோ?

— பிள்ளையாராணை.

— பேரைச் சொல்லாதை, ஆள் வந்து விலாசம் கேட்டால் மட்டும் குடு எண்டுதான் எனக்கும் சொன்னவை.

— அப்ப நான் வருவன் எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறான்.

— மாமா, கரிகாலன் மாமா காலமை வந்தவர். அந்தக் கதிரையிலை, கயிறுக்கு மேலையே இருந்திட்டார். நீங்கள்தான் ரெண்டு பக்கத்தையும் எடுத்துத் தன்னை உள்ளுக்கு விடாமல் செய்யிறியள் எண்டு கத்தினவர். பி பக்கத்தை வெட்டு எண்டவர்.

— என்ன? அப்ப பி பக்கம் அவனில்லையோ?

— இல்லை. ரெண்டு பேர் சேந்து எடுத்தவை. ரெண்டு விலாசம். ஒண்டை அவருக்குக் குடுத்தனான், போனவர். போன ஆள் திரும்பிக் கத்த வரேல்லை.

— பயந்திட்டான். நான் அப்பிடியில்லை. மற்றதைச் சொல்லும்.

— கார் து நோர் ஸ்ரேசனிலை சார்செல் ரெயில் எடுங்கோ.

— சார்செல்லோ? எனக்குத் தண்ணி பட்ட பாடு. எந்தப் பக்கம்?

— சந்தையைத் தாண்டி, நீல யன்னல் போட்ட மாடிக்கட்டடம். லிப்ற் பழுதாக் கிடக்கும்.

— அதுக்கென்ன, அந்தப் பக்கம் லிப்ற் எந்த நாளும் பழுதுதான். நான் தினமும் படியாலை ஏறுறவன். எத்தினையாம் மாடி?

— நாலாம் மாடி. இடப்பக்கக் கதவு. மேலை பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கும்.

— பொறும், பொறும். நீல யன்னல். நாலாம் மாடி. மாவிலைத் தோரணம்.

— மாமா?

— அது என்ரை வீடு பிள்ளை.

— ஓம் மாமா. ஆனால் இப்ப போகாதேங்கோ, மாமி இருக்க மாட்டா. நாளைக்கு விளையாட்டெல்லோ, இண்டைக்குப் பஜனை முடியப் பிந்தும்.